ஓபி சீட்டில் எழுதப்படாத நோய்

கொச்சியில் தேவராவிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழியில் இருக்கிறது வாத்துருத்தி. விடிகாலையில் அங்கே காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பேரனும் எடுத்துவிட்ட குடும்பங்கள் அவை. பாலங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் ஃபோர்ட் கொச்சி டோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றைக்கும் அங்கே துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுகின்றன. இவர்களுக்கெல்லாம் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் போகுமிடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரி ஓபி. மனசுக்கு முடியாதபோதும் அங்கேதான் போகிறார்கள். சொல்கிற காரணம்தான் வேறு.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது", "பிடரி கனக்குது", "ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கேன்", "கேஸ் டிரபிள் போலருக்கு டாக்டர்". ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. ஈசிஜியும் சரி. வாயு மாத்திரை, சத்து மாத்திரை எழுதித் தருகிறார்கள். அடுத்த மாதமும் அதே ஆள் அதே வரிசையில் நிற்கிறார்.

மனநலச் சிகிச்சையை இந்த ஓபி மேசைக்கே கொண்டுவர வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. கேரளம் அதைச் செய்துகாட்டத் தொடங்கியும் விட்டது. குறுக்கே நிற்பவை சில நம்பிக்கைகள். அவற்றுள் சில மக்களிடம் இருக்கின்றன, சில மருத்துவர்களிடமும் அதிகாரிகளிடமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே எடையில் பார்க்கத் தேவையில்லை.

"மனநோய் வந்தவர்கள் மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள்"

தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லி ஒருவரைப் புண்படுத்துவது போல, கேரளத்தில் ஊளம்பாறை என்றும் குதிரவட்டம் என்றும் சொல்வார்கள். திருவனந்தபுரத்தின் ஊளம்பாறையிலும் கோழிக்கோட்டின் குதிரவட்டத்திலும் திருச்சூரிலுமாக அரசு மனநல மையங்கள் மூன்று. எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. கொச்சியிலிருந்து பக்கம் என்றால் திருச்சூர். போய்வர ஒரு நாள் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். கூடவே துணைக்கு ஒருவர் வரவேண்டும், அவர் கூலியும் போகும். ஊர்ப் பெயரே வசவாகிப்போன இடத்துக்கு, மனச்சோர்வு உள்ள ஒரு பெண் தானாகக் கிளம்பிப் போவாள் என்று எதிர்பார்க்க முடியாது.

அவள் எங்கே போகிறாள் என்பதற்குப் பழைய, உறுதியான ஆதாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் 14 நாடுகளில், பெங்களூரு உட்பட 15 மையங்களில், சாதாரண நோய்களுக்காக டாக்டரிடம் வந்தவர்களை ஆராய்ந்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் மனநலக் கோளாறு இருந்தது. அதே ஆய்வில் மனச்சோர்வு உறுதியான 1,146 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். தாங்கள் டாக்டரைப் பார்க்க வந்ததற்கு 69 சதவீதம் பேர் சொன்னது உடம்பு உபாதைகளை மட்டுமே. வலி, அசதி, படபடப்பு, தூக்கமின்மை. 'மனசு சரியில்லை' என்று வாய்திறந்து சொல்லி வந்தவர்கள் சிறுபான்மை.

பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் கேரளமும் இடம்பெற்றன. மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று அது கண்டது. அவர்களில் பலர் ஏதோ ஒரு வலிக்காக ஏதோ ஒரு டாக்டரை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. ஓபி வரிசையிலேயே நிற்கிறார்கள்.

"சாதாரண டாக்டருக்கும் நர்ஸுக்கும் இதெல்லாம் தெரியாது"

இந்த ஐயத்துக்கு விடை தேடிய வரலாறே நம் நாட்டில் ஐம்பது ஆண்டு நீளம். 1970-களின் நடுவில் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தினர் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பெங்களூருக்கு வெளியே சகலவாராவிலும் கிராமத்து டாக்டர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் பழக்கிப் பார்த்தார்கள். பழக்கினால் செய்கிறார்கள் என்று தெரிந்தது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985-ல் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் நடத்திப் பார்த்தார்கள். 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அந்த நான்கில் ஒன்று நம் திருச்சி.

கேரளம் 2017-ல் ஆர்த்ரம் மிஷனைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றத் தொடங்கியது. டாக்டர்கள், நர்ஸ்கள் எண்ணிக்கை கூடியது, ஓபி மாலை வரை நீண்டது. அதோடு சேர்ந்து வந்ததுதான் 'ஆஸ்வாசம்' கிளினிக். மனச்சோர்வைக் கண்டுபிடித்து அங்கேயே மருத்துவம் பார்க்கும் ஏற்பாடு அது.

நடைமுறை ரொம்ப எளிது. டாக்டர் அறைக்கு முன்னால் நர்ஸின் மேசை இருக்கும். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அங்கே பார்த்துச் சீட்டில் எழுதுவார்கள். ஐயம் வருகிறபோது அந்த மேசையிலேயே ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக எதிலாவது மனம் பற்றுகிறதா, தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, தன்மேலேயே வெறுப்பு வருகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் தனியாக உட்கார்ந்து பேசவேண்டும். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

"ராத்திரி தூக்கம் எப்படி அக்கா?"

"எங்க சிஸ்டர் தூங்க... ரெண்டு மணிக்கு முழிச்சா அவ்வளவுதான்."

"முழிச்சதும் என்ன நினைப்பு ஓடும்?"

இந்த மூன்றாவது வரியைக் கேட்கப் பட்டம் வேண்டாம். பழக்கம் வேண்டும், மறைவான ஒரு நாற்காலி வேண்டும், பின்னால் நாற்பது பேர் முண்டியடிக்காத ஐந்து நிமிஷம் வேண்டும்.

மதிப்பெண்ணே நோய்க் கணிப்பு ஆகிவிடாது. ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு ஆகியவையும் இதே அசதியைத் தரும். அதைப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைவிடப் பொருத்தமானவர் யார்? சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார், நடைப்பயிற்சியை விடுவார், சர்க்கரை ஏறும். இரண்டுக்கும் ஒரே டாக்டர் இருப்பதுதான் நல்லது. அவர் எல்லை எது என்பதும் தெளிவு. குரல்கள் கேட்கின்றன என்பவர், தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் நாள்கணக்கில் திரிந்த வரலாறு உள்ளவர், உயிரை விடத் திட்டமே போட்டிருப்பவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் அனுப்பியே தீரவேண்டும். கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டக் குழு இருக்கிறது. அந்தக் குழு வட்டார ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் வந்து பார்க்கிறது. நோய் கட்டுக்குள் வந்தபின் மாதாந்திர மாத்திரையை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள முடிந்தால், திருச்சூர்ப் பயணம் மிச்சம்.

டாக்டர்களுக்கு இதைக் கற்பிப்பது அரசின் தயவும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பொது சுகாதார நிலையங்களில் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசரச் சிகிச்சையிலும் பயிற்சி தரவேண்டும் என்று அரசின்மேல் கடமையாக வைத்திருக்கிறது. பொது மருத்துவத்தின் எல்லாப் படிநிலைகளிலும் மனநல சேவை சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

"சாகத் தோணுதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும்"

இருக்கிற நம்பிக்கைகளில் உயிர் குடிப்பது இதுதான். ஒன்பது கேள்விகளில் கடைசிக் கேள்வி இதைப் பற்றியது. படித்த மருத்துவப் பணியாளர்களும் அதை விழுங்கிவிடுகிறார்கள், அல்லது "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?" என்று பதிலையும் தாங்களே சொல்லிக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும்.

நிதானமாக, நேராகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கேட்டபின் பாரம் கொஞ்சம் இறங்கியது என்றுதான் பலர் சொல்கிறார்கள். யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை ஒருவர் பதறாமல் காதுகொடுத்துக் கேட்டார் என்பதே பெரிய துணை.

2022-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கேரளத்தில் அது 28.5, தமிழ்நாட்டில் 25.9. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னே நிற்கும் இரண்டு மாநிலங்களும் தேசிய சராசரியைப்போல் இருமடங்குக்கு மேல். நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, மனசு தானாகக் கவனிக்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்களே பதில்.

சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயமும் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே கிடையாது. டாக்டரிடம் மனம் திறந்தவரைச் சட்டம் துரத்தாது.

"மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது"

இதில் பாதி உண்மை வேறு ஒரு மாத்திரையைப் பற்றியது. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்துகள் போதை தருவதில்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாளில் குமட்டல் வரலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள் என்பது என் எண்ணம். குணமானபின் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். பலருக்கு அத்தோடு முடிந்துவிடும். சிலருக்கு நோய் திரும்பும், நீண்ட நாள் தேவைப்படும். சட்டென்று தாமாக நிறுத்துவதுதான் கூடாது.

உண்மையில் பழக்கமாகிவிடுவது தூக்க மாத்திரை. அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் வகையறா. தூக்கமில்லை என்றதும் ஓபியில் கை நீள்வது இவற்றின்மேல்தான். அன்றிரவே தூக்கம் வரும், நோயாளிக்கும் திருப்தி. சில வாரங்களில் அது இல்லாமல் கண் மூடாது. அடியில் கிடந்த மனச்சோர்வு அப்படியே கிடக்கும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் நம் எல்லோருடைய உறவிலும் ஒருவராவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் பயிற்சி வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணமே, பயிற்சி இல்லாதபோதும் அங்கே மனநல மருந்து எழுதப்படுகிறது, தவறான மருந்து எழுதப்படுகிறது என்பதுதான்.

"டாக்டருக்கு மூன்று நாள் வகுப்பு எடுத்தாச்சு, இனி நடக்கும்"

மக்களிடம் இருப்பதைவிட அலுவலகங்களில் ஊறிப்போன நம்பிக்கை இது. ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் ஆள் பார்க்கும் டாக்டரிடம் வகுப்புக் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டால், மறுநாள் அவர் செய்ய முடிவது என்ன? அவரிடம் அறிவு இருக்கும், நேரம் இருக்காது.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சகாக்களும் செய்த மானஸ் ஆய்வு இதற்குத் தெளிவான பாடம். 2010-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் கிளினிக்குகள். இரண்டு வகையிலும் பாதி இடங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆலோசகராக உட்கார வைத்தார்கள். அவர் விளக்கிச் சொல்வார், பேசுவார், வராதவரைத் தேடிப் பிடிப்பார். தேவைப்பட்டவருக்கு டாக்டர் மருந்து தருவார். மனநல மருத்துவர் எப்போதாவது வந்து மேற்பார்ப்பார். அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் 65.9 சதவீதம் பேர் குணமானார்கள். ஆலோசகர் இல்லாத இடங்களில் 42.5 சதவீதம். தனியார் கிளினிக்குகளில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. அந்த இரண்டாவது முடிவையும் மறைக்காமல் சொல்வது முக்கியம். ஆலோசகர் ஒருவரை உட்கார வைத்தால் எல்லா இடத்திலும் ஒரே பலன் வரும் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

அதே குழு 2017-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இம்முறை கடுமையான மனச்சோர்வு. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், 495 பேர். உள்ளூர் ஆலோசகர் ஆறிலிருந்து எட்டு முறை சந்தித்தார். பேச்சு பெரும்பாலும் அன்றாடத்தைப் பற்றியே. விட்டுப்போன எந்த வேலையை நாளைக்குத் தொடங்கலாம், யாரோடு போய்ப் பேசலாம், எந்த நேரத்தில் மனம் மிகவும் அமிழ்கிறது, அப்போது என்ன செய்யலாம். மூன்று மாதத்தில் மீண்டவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம்.

கேரளத்துக்கு இந்த ஆள்பலம் புதிதல்ல. வலிநிவாரணச் சிகிச்சைக்காக வீடுவீடாகப் போகும் தொண்டர் படை அங்கே ஏற்கெனவே உண்டு. கோழிக்கோட்டில் 2008-ல் தொடங்கிய மனநலச் செயல் அறக்கட்டளை அந்த முறையை நம்பியே தீவிர மனநோய் உள்ள ஏழைகளை அவரவர் ஊரில் கவனிக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது, தனிமைப்படுத்தப்பட்டவர்களை மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர்கள் போனில் அழைத்து நலம் கேட்டார்கள். 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ஆஷா என்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளரும் வீட்டு வாசலுக்கு வருகிறார், யார் வீட்டில் யார் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்மேல் புதிய பொறுப்பை ஏற்றும்போது ஊக்கத்தொகையையும் ஏற்றவேண்டும். அது நடக்காமல், ஏற்கெனவே ஒரு டஜன் பதிவேடு சுமப்பவரிடம் பதின்மூன்றாவதைக் கொடுத்தால் கேள்விகளுக்கு அவரே உட்கார்ந்து பதில் நிரப்புவார். அதற்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்கள் டாக்டரிடம் வரமாட்டார்கள்"

2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கூட்டிவரும் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள். அந்தச் சங்கிலிகளை யாரும் மறக்கக் கூடாது. பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவை ஒட்டியே அரசு மனநலக் கிளினிக் வந்தது. துவாவும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். வருகிறவர்களிடம் யாரும் நம்பிக்கையை விட்டுவிட்டு வரச்சொல்லவில்லை. மட்டாஞ்சேரியில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஓரிரு தெருவுக்குள் இருக்கின்றன. அங்கேயும் இது பொருந்தும். வேண்டுதலைத் தடுக்காமல் சிகிச்சையைப் பக்கத்தில் வைப்பதுதான் வழி.

"ஊர்விட்டு வந்தவனுக்கு இங்கே யார் பார்ப்பா?"

வாத்துருத்தித் தொழிலாளிக்கு இருக்கும் உண்மையான தடை மொழியும் நேரமும். சோறு வேண்டும், சம்பளம் எவ்வளவு என்பதை அரைகுறை மலையாளத்தில் சொல்லிவிடலாம். மனசில் இருப்பதைத் தாய்மொழியில்தான் சொல்ல வரும். அந்த ஒன்பது கேள்விகளின் தமிழ் வடிவம் எப்போதோ வந்துவிட்டது. கொச்சியின் சுகாதார நிலையங்களில் அதை மேசையில் வைக்கவும், தமிழ் பேசும் ஒரு ஆஷாவையோ தொண்டரையோ குறிப்பிட்ட நாளில் உட்கார வைக்கவும் பெரிய செலவு ஆகாது. கூலிக்காரர் வேலை முடிந்து வரும் மாலையில் ஓபி திறந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பச்சை உடம்புக்காரிகளுக்கும் மனநலம் கேட்பதற்கென்றே கேரளத்தில் 'அம்ம மனஸ்' என்ற திட்டம் இருக்கிறது. சொந்த ஊரில் அம்மா, அக்கா இல்லாமல் ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அது எல்லோரைவிடவும் முன்னால் போய்ச் சேரவேண்டும்.

உரிமையில் ஐயமே வேண்டாம். அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது 2017 சட்டத்தின் 18-வது பிரிவு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, கையில் அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். எந்த ஊர் ரேஷன் கார்டு என்று கேட்டுத் திருப்பி அனுப்ப இடமில்லை.

அதனால் அடுத்த முறை ஓபி சீட்டு எடுக்கும்போது, தூக்கமில்லை, படபடப்பு என்பதோடு நிறுத்த வேண்டாம். "ரெண்டு வாரமா மனசே சரியில்லை" என்ற வார்த்தையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லத் தயங்கினால் கூடப் போய் நீங்கள் சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியாத இரவு என்றால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கேரளத்தில் இருப்பவர்கள் மாநில அரசின் உதவிச் சேவையான திஷாவின் 1056-ஐயும் அழைக்கலாம்.